அம்மாவின் இரும்புப் பெட்டி

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புத் தோழிக்கு,

நலம்தானே? மூட்டுவலி எப்படி? இங்கே மூன்று நாளாக நல்ல மழை, துணி காயவில்லை.

அம்மாவைக் கேட்டிருந்தாய். விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வாரம் ஒருமுறை இரண்டு பெண்கள் உதவிக்கு வந்து குளிப்பாட்டி, பேச்சுத்துணையாக இருந்துவிட்டுப் போகிறார்கள். ஒருத்தி மலாய்க்காரப் பெண், இன்னொருத்தி நம்ம பிள்ளை. தங்கமானவர்கள். குறை சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்.

போன மாதம் நான் கடைக்குப் போன நேரத்தில் அறையை ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். மைலோ டின்னில் இருந்த தைலம், ஊசி நூல் எல்லாம் இடம் மாறிவிட்டன. கட்டிலுக்கு அடியில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து, புடவைகளை அலமாரியில் அடுக்கிவிட்டார்கள். அப்புறம் அறிக்கைக்கென்று கைப்பேசியில் நாலைந்து படம். கட்டில், சாமி மேடை, மூத்திரச் சட்டி எதுவும் தப்பவில்லை.

அம்மாவுக்குக் கண் மங்கல், எல்லாம் கைத்தடவல்தான். அன்று ராத்திரி தைலத்தைத் தேடித் தேடி அழுதுவிட்டார். அழுகை தைலத்துக்கு இல்லை. நீயும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள்தானே, உனக்குத் தெரியாதா? அங்கே வீடு தோட்டக் கம்பெனியுடையது. வேலை நின்றால் காலி செய்ய வேண்டும். தோட்டத்து ஆபீஸ் கிராணி எட்டிப் பார்த்தால் ஏன் என்று கேட்க முடியாது. பூட்டுப் போட்டு 'என்னுது' என்று சொல்ல அம்மாவுக்கு அந்தப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. எங்கள் பிறப்புப் பத்திரங்கள், அப்பாவின் சேமநிதிக் கடிதங்கள் எல்லாம் அதற்குள். பத்திரம் இல்லாமல், குடியுரிமை கிடைக்காமல், சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்தவர்களைப் பார்த்த பயம் அவருக்கு இன்னும் போகவில்லை.

கேட்காமல் இப்படிப் படம் எடுக்கலாமா என்று பார்க்க, மகள் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தேடி எடுத்தாள். படித்தால், அது வணிக நடவடிக்கைகளுக்குத்தானாம். மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாதாம். அம்மாவின் பெட்டி எந்தக் கணக்கில் வரும்? சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பெண்களிடம் வாயாலேயே சொன்னேன். மலாய்ப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. "மாப், மக்சிக்" (மன்னிச்சிடுங்க அம்மா) என்று படங்களை என் கண் முன்னே அழித்தாள். அறிக்கையோடு போனது போனதுதான்.

இப்போது எதைத் தொட்டாலும் முதலில் அம்மாவிடம், "போலே புக்கா?" (திறக்கலாமா?) என்கிறாள். நேற்று அம்மா, "தா போலே" (கூடாது) என்று சொல்லிவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பெட்டிக்குள் அப்போது ஒன்றுமே இல்லை, தெரியுமா? பத்திரங்களைத் தலையணைக்கு அடியில் மாற்றிவிட்டார்!

தீபாவளிக்கு வருவாய்தானே? என் முறுக்கு அச்சு உன்னிடம்தான் இருக்கிறது, மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய லயத்துக்காரி