திருவொற்றியூர் மாமாவுக்கு, வெம்பிளியிலிருந்து

வெம்பிளி, லண்டன்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். அத்தையின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? சின்னவனுக்கு லெஸ்டரில் படிக்க இடம் கிடைத்த செய்தியை அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். போனில் பேச ஆரம்பித்தால் இரண்டு நிமிஷத்தில் நீங்கள் அத்தையிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதவே உட்கார்ந்துவிட்டேன். சின்னவனையும் படிக்கச் சொல்லுங்கள்.

நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, "எதிரே வர்றவன் எல்லாம் உன்னைப் பார்த்துத் தலையாட்டுறானே, அத்தனை பேரும் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டீர்களே. ஒருவரையும் தெரியாது மாமா. ஹெல்மெட்டுக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. மோட்டார் சைக்கிளில் போகிறவர் இன்னொரு மோட்டார் சைக்கிள்காரரைப் பார்த்தால் தலையசைப்பது இங்கே வழக்கம். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. லைசென்ஸ் பரீட்சையிலும் கேட்பதில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை வெளியே ஓட்டினால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

முறை எளிது. நம் ஊர் மாதிரியே இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம். எதிரே வருகிறவர் நமக்கு வலப்பக்கம். வலது கை ஆக்சிலேட்டரில் இருக்கிறது, எடுக்க முடியாது. இடது கையைக் காட்டினால் அந்தப் பக்கம் உடம்புக்குப் பின்னால் மறைந்துவிடும். மிச்சம் தலைதான். முகவாயை லேசாக வலப்பக்கம் சாய்த்து ஒரு வெட்டு. கோயில் வாசலைத் தாண்டும்போது பஸ் டிரைவர் ஸ்டியரிங்கை விடாமல் ஒரு கும்பிடு போடுவாரே, அவ்வளவு நேரம்தான் ஆகும். ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பிரான்சுக்குப் போய்விட்டால் கதை மாறிவிடும். அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். எதிரே வருகிறவர் இடது கைப் பக்கம் வருவதால், கிளட்ச்சை விட்டுக் கையைத் தாழ்வாக நீட்டி இரண்டு விரலைக் காட்டுவார்கள். வழிவிட்ட காருக்கு நன்றி சொல்ல வலது காலை நீட்டுவார்களாம். நம் ஊரில் காலை நீட்டி நன்றி சொன்னால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நம் ஊரில் ஏன் இது இல்லை என்று அத்தை கேட்டாள். மணலி ரோட்டில் எதிரே வருகிற ஒவ்வொரு டூவீலருக்கும் தலையாட்ட ஆரம்பித்தால் தண்டையார்பேட்டை வருவதற்குள் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். அங்கே ஊரே டூவீலரில் போகிறது. இங்கே ஓடுகிற போக்குவரத்தில் மோட்டார் சைக்கிள் நூற்றில் ஒரு பங்குதான். ஆனால் சாலை விபத்தில் சாகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மோட்டார் சைக்கிள்காரர். கார் ஓட்டுகிறவர்கள் சந்திப்பில் திரும்பும்போது நம்மைக் கவனிப்பதே இல்லை. இடித்துவிட்டு இறங்கி வந்து "மன்னிச்சுக்கோ, நீ வந்ததைப் பாக்கலை" என்பது இங்கே கேலிப் பேச்சாகவே ஆகிவிட்ட வசனம். அதனால் இன்னொரு வண்டிக்காரரின் தலையசைப்புக்கு 'உன்னை நான் பார்த்துவிட்டேன்' என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். இது என் கணக்கு. சும்மா மரியாதைக்குத்தான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் இது செல்லாது. நடுவில் தடுப்பு வைத்த மோட்டார்வேயில் யாரும் செய்வதில்லை. வளைவில் வண்டியைச் சாய்த்திருக்கும்போது கூடாது. ஊருக்குள் நெரிசலில் இருக்கிறவரும் பதில் தரமாட்டார், அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குளிர்காலத்தில் மட்டும் தலையசைப்பு ஒரு பிடி கூடுதலாக வரும். ஜனவரியில் ஈரச் சாலையில் வெளியே வருகிற பைத்தியம் நாம் ரெண்டு பேர்தான் என்கிற மாதிரி.

போன அக்டோபரில் சர்ரே பக்கம் ஒரு கிராமத்துச் சாலையில் மழைக்கோட்டு போடுவதற்காக ஓரங்கட்டினேன். கால்சட்டை பூட்ஸில் மாட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தளித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த ஒரு பெரிய வண்டி வேகத்தைக் குறைத்தது. ஓட்டி வந்தவர் இடது கைக் கட்டைவிரலை உயர்த்தி, தலையைச் சாய்த்துக் கேள்வியாகப் பார்த்தார். நானும் கட்டைவிரலைக் காட்டினேன். சரி என்று போய்விட்டார். அடுத்து வந்தவரும் அதையேதான் செய்தார், அதற்கடுத்து வந்தவரும். ஒரு பேச்சு கிடையாது. நின்றிருக்கிற வண்டியைக் கண்டால் கேட்காமல் தாண்டக் கூடாது என்பது இங்கே தலையசைப்பை விடப் பெரிய வழக்கம்.

அன்றைக்கு பாக்ஸ் ஹில் அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். ஞாயிறு காலையில் வண்டிக்காரர்கள் கூடுகிற பழைய இடம் அது. எங்கள் வீட்டுப் பக்கம் நார்த் சர்குலர் ரோட்டிலும் ஏஸ் கஃபே என்று ஒன்று இருக்கிறது, 1938-ல் ஆரம்பித்தது. ஆனால் எனக்கு பாக்ஸ் ஹில்தான் பிடிக்கும். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் நேராக வந்து என் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு எதிரே குந்தி உட்கார்ந்துவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எஞ்சினைப் பார்க்கிறார், தொடவில்லை. "ரெட்டிச் வண்டி" என்றார், என்ஃபீல்டு முதலில் தயாரான இந்த நாட்டு ஊரை நினைத்து. "திருவொற்றியூர் வண்டி" என்றேன். "என் மாமா அங்கே என்ஃபீல்டு ஃபேக்டரியில்தான் வேலை பார்த்தார்." அவ்வளவுதான், டீ ஆறிப்போயிற்று. 1977-ல் நம் புல்லட் இங்கே ஏற்றுமதியாக ஆரம்பித்த பிறகு அவரும் ஒன்று வாங்கினாராம். "எண்ணெய் சொட்டும். சொட்டாவிட்டால் எண்ணெய் தீர்ந்துபோச்சு என்று அர்த்தம்" என்று சிரித்தார். டேங்க்கில் தங்கக் கோட்டை இன்னும் கையால்தான் போடுகிறார்களா என்று கேட்டார். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் சாயங்காலம் வரை விட்டிருக்கமாட்டீர்கள்.

தொடவில்லை என்று எழுதினேன் பாருங்கள், அதைச் சின்னவனுக்கு அழுத்திச் சொல்லுங்கள். நம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் யார் வண்டியை யார் வேண்டுமானாலும் இழுத்து நகர்த்துவார்கள். பேச்சு நீண்டால் பக்கத்து வண்டி சீட்டில் ஏறி உட்காருவோம், ஹேண்டில்பாரில் பையை மாட்டுவோம். இங்கே அடுத்தவர் வண்டியில் கை வைத்தால் அடிதடிதான். திருட்டு பயம் வேறு அதிகம். வண்டி நிறுத்தும் இடத்தில் பக்கத்து வண்டியின் சைடு ஸ்டாண்டு மடங்குவதற்கும் ஆள் காலைத் தூக்கி ஏறுவதற்கும் இடம் விட்டு நிறுத்தினால் அவன் நல்ல பையன்.

அப்புறம் ஹாரன். உங்களுக்குச் சிரிப்பு வரும், நான் வாரக்கணக்கில் ஹாரனைத் தொடுவதில்லை. நின்றிருக்கும் வண்டியில் ஹாரன் அடிக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 வரை அடிக்கவே கூடாது. ஹெட்லைட் இன்னும் பெரிய வில்லங்கம். நம் ஏற்காட்டு மலைப் பாதையில் எதிரே லாரிக்காரர் லைட் அடித்தால் 'நான் வருகிறேன், நீ நில்' என்று அர்த்தம். இங்கே 'நான் நிற்கிறேன், நீ போ' என்று எடுத்துக்கொள்கிறார்கள். சட்டப் புத்தகத்திலோ 'நான் இங்கே இருக்கிறேன்' என்பதைத் தவிர எதற்கும் லைட் அடிக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது. சின்னவன் இதை மனப்பாடம் செய்துகொண்டுதான் விமானம் ஏற வேண்டும்.

நெரிசலில் கார்களுக்கு நடுவே சந்தில் போவது இங்கே சட்டப்படி சரி, மெதுவாகப் போனால். அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. பின்னால் வேகமாக ஒரு வண்டி வந்தால் முன்னால் போகிறவர் இடைவெளி பார்த்து ஒதுங்கி வழிவிடுவார். கடந்து போகிறவர் இடது கையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுப் போவார். ஒதுங்கிய கார்க்காரருக்கும் அதே கை. சிக்னலில் சைக்கிளுக்கென்று முன்னால் கட்டம் போட்டிருப்பார்கள். சிவப்பு விளக்கில் மோட்டார் சைக்கிள் அதற்குள் போய் நிற்கக் கூடாது, அபராதம்.

கிராமத்துச் சாலையில் குதிரை வரும் மாமா, நிஜக் குதிரை, மேலே பள்ளிக்கூடப் பெண் உட்கார்ந்திருப்பாள். 2022-ல் திருத்திய விதிப்படி மணிக்கு 10 மைலுக்கு மேல் போகாமல், 2 மீட்டராவது இடம்விட்டுத் தாண்ட வேண்டும். மோட்டார் சைக்கிள்காரர்கள் விதியில் உள்ளதைவிடப் பொறுமையாக இருப்பார்கள். குதிரை காதை விடைத்தால் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டு ஓரமாக நின்றுவிடுவார்கள். அந்தப் பெண் கையை உயர்த்தினால் எஞ்சினையே அணைத்துவிடுவார்கள். அவள் தாண்டியதும் குனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போவாள்.

கூட்டமாகப் போகும்போது ஒரு ஏற்பாடு செய்கிறார்கள், நம் ஊர்ப் பையன்கள் அவசியம் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் முன்னால் வழிகாட்டி. கடைசியில் பளிச்சென்ற மேல்சட்டை போட்ட ஒருவர். நடுவில் எத்தனை பேர் இருந்தாலும் பரவாயில்லை. திருப்பம் வந்ததும், வழிகாட்டிக்கு அடுத்து இரண்டாவதாக வருகிறவர் பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி, போக வேண்டிய திசைக்குக் கை காட்டிக்கொண்டு நிற்பார். எல்லோரும் அவரைப் பார்த்துத் திரும்பிப் போவார்கள். கை காட்டி நின்றவர், கடைசிச் சட்டைக்காரர் கண்ணில் பட்டதும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். இதற்குள் அடுத்த திருப்பத்தில் வேறொருவர் நிற்பார். யாரும் வழிகாட்டியைத் தாண்டக் கூடாது, கடைசி ஆளுக்குப் பின்னால் தங்கக் கூடாது. மேப்பும் வேண்டாம், போனும் வேண்டாம். சிக்னலில் பாதிப் பேர் மாட்டிக்கொண்டதற்காக மற்றவர்கள் துரத்திக்கொண்டு ஓட்டவும் வேண்டாம். வரிசையாகவோ ஜோடியாகவோ போகாமல் தங்கள் தடத்துக்குள்ளேயே ஒருவர் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம் என்று மாறி மாறிப் போவார்கள். இடப்பக்கம் பள்ளம் என்றால் முன்னால் போகிறவர் இடது கையால் காட்டுவார், வலப்பக்கம் என்றால் வலது காலால்.

எல்லோரும் முந்திக்கொண்டு தலையசைப்பது ரத்த வண்டிக்குத்தான். மோட்டார் சைக்கிள்காரர்கள் தங்கள் வேலை நேரம் போக, இரவிலும் விடுமுறை நாளிலும் ரத்தம், பரிசோதனை மாதிரிகள், குறைமாதக் குழந்தைகளுக்கான தாய்ப்பால் எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். சம்பளம் கிடையாது. ஆஸ்பத்திரியிடமும் காசு வாங்குவதில்லை. ஊர்க்காரர்கள் தருகிற நன்கொடையில் வண்டி ஓடுகிறது.

இவ்வளவு பெருமையாக எழுதிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தத் தலையசைப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஒருநாள் பயிற்சி முடித்தால் எல் போர்டு மாட்டிக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு 125 சிசி வரை ஓட்டலாம். சாப்பாடு கொண்டுபோகிற பையன்களில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான் என்று பார்த்தாலே தெரிகிறது. நம் ஊர், பங்களாதேஷ், பிரேசில் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். முதுகில் பெட்டி, ஹேண்டில்பாரில் குளிருக்குப் பெரிய கை உறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோல் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வருகிற ஆயிரம் சிசிக்காரர் இவர்களைக் கண்டால் நேராகப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். ராத்திரி பதினோரு மணிக்கு மழையில் பிழைப்புக்கு ஓட்டுகிறவனுக்கு இல்லாத தலையசைப்பு யாருக்காக? நான் எல் போர்டைக் கண்டால் கட்டாயம் தலையசைப்பேன். பல பேர் குழம்பிப்போய்ப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார்கள், வேறு யாருக்கோ என்று நினைத்து.

ஆல்பர்டன் சிக்னலில் ஒரு ஸ்கூட்டரில் காய்ந்த எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கியது. தலையசைத்தேன். ஓட்டி வந்தவன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, "அண்ணை, இது புல்லட்டோ?" என்றான். யாழ்ப்பாணத்துப் பையன். பச்சை விழுவதற்குள் ஊர், வேலை, வாடகை எல்லாம் பேசியாயிற்று. இப்போது எங்கே பார்த்தாலும் அவன்தான் முதலில் தலையாட்டுகிறான்.

சின்னவனும் வந்து டெலிவரிக்குப் போகலாம் என்று நினைப்பதாக அம்மா சொன்னாள். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. அந்த ஆப் வேலை சுயதொழில் கணக்கில்தான் வரும். இன்னொருவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம் என்று ஆசை காட்டுவார்கள், மாட்டினால் படிப்பே போய்விடும். கடையில், கிடங்கில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குள் வேலை பார்க்கட்டும். வண்டி ஓட்டும் ஆசை இருந்தால் நம் ஊர் லைசென்ஸிலேயே 12 மாதம் ஓட்டலாம், இன்சூரன்ஸ் மட்டும் விலை கொஞ்சம் உறைக்கும். அதன் பிறகு இங்கே முதலிலிருந்து பரீட்சை எழுத வேண்டும்.

அவனுடைய ஐஎஸ்ஐ ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம், இந்த ஊர்ச் சட்டத்துக்கு அது செல்லாது, பெட்டியில் எடைதான் வீண். நானே ஒன்று வாங்கித் தருகிறேன். புருவத்துக்கு ஒரு விரல் மேலே டேப்பைச் சுற்றி, எத்தனை சென்டிமீட்டர் என்று அத்தையை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அவனை விட்டு அளக்கச் சொன்னால் குத்துமதிப்பாகச் சொல்லிவிடுவான்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்