திரும்பும் நேரத்தை முதலில் குறியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் என்று கொடைக்கானல் கீழ்மலை ஊர்களில் வாடகைக்கு வீடு பிடித்து, மடிக்கணினியில் நகரத்து வேலையைப் பார்த்துக்கொண்டு தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். காபித் தோட்டத்தைத் தாண்டியதும் காடு. நடக்க ஆசை வருவது இயல்புதான். ஆனால் கடற்கரைச் சாலையில் நடந்த கணக்கை அப்படியே மலைக்குக் கொண்டுவருவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ. நடப்பவர், கல்லும் வேருமான ஒத்தையடிப் பாதையில் 3 கி.மீ. போனாலே பெரிது. அதோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 15 நிமிடம் சேர்க்க வேண்டும். 4 கி.மீ. தூரம், 500 மீட்டர் ஏற்றம் என்றால் மேலே போக மட்டும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நின்று மூச்சு வாங்குவதையும் சேர்த்தால் மூன்று. இறங்குவது சுலபம் என்று நினைக்க வேண்டாம். முட்டி நடுங்குவதும், ஈரப் பாசியில் வழுக்கிக் கணுக்கால் பிசகுவதும் இறக்கத்தில்தான். விடிகாலையில் காட்டுமாடும் யானையும் பாதையிலேயே நிற்கும் என்பதால் ஏழரைக்கு முன் கிளம்பக் கூடாது. மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவர் தெரியமாட்டார். ஆகவே பத்தரை மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்தே திரும்ப வேண்டும். உச்சி இன்னும் 200 மீட்டர்தான் என்றாலும் சரி.

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து கீழே வெள்ளகவி கிராமத்துக்குப் போகும் பாதை இதற்கு நேர்மாறு. போகும்போது இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம். அங்கே கையிருப்பு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததுமே திரும்பிவிட வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் சுமையோடு ஏறி வருவதைப் பார்த்து நாமும் முடியும் என்று எண்ணுவது வேறு பிழை.

செல்பேசி வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, காட்டுக்குள் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் இருப்பிடம் காட்டும். டவரைத் தேடித் தேடி பேட்டரி தீராது. தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், காயாது. அதைத் தவிர்ப்பது நல்லது.

மழைக்காலத்தில் அட்டை உண்டு. மலைக்காரர்கள் ஒரு கோலின் நுனியில் உப்பைத் துணியில் முடிந்து, நனைத்து வைத்திருப்பார்கள். செருப்பில் ஏறும் அட்டையை அதால் தொட்டால் சுருண்டு விழும். கடித்துவிட்ட அட்டைக்கு உப்பும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம்; வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடும். அதன் வாய்ப்பக்கம் நகத்தை வைத்துத் தள்ளினால் போதும். ரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது விட்டுப் போவதால் வெகுநேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சலுக்கு. புதர் ஓரத்துப் புல்லில் உட்கார்ந்து எழும்போது கண்ணில் படாத பூச்சி ஏறிக் கடிக்கும், வலி தெரியாது. 6 முதல் 21 நாட்களுக்குள் கடும் காய்ச்சலும் தலைவலியும் வரும். அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டை படும் இடம் ஆகியவற்றில் பீடி சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவரிடம் காட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். டாக்ஸிசைக்ளின் மருந்து கொடுத்தால் சீக்கிரம் அடங்கும் நோய், தாமதமானால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நகரத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டு, காட்டுக்குப் போன கதையைச் சொல்லாமல் விடுவதால்தான் நோய் பிடிபடாமல் போகிறது.

பாதையில் யானை லத்தி கிடந்து, அது சூடாக, ஈரம் மின்ன இருந்தால் யானை பக்கத்தில்தான் நிற்கிறது. படம் எடுக்காமல் வந்த வழியே திரும்புங்கள். காற்று நம் முதுகுப் பக்கமிருந்து முன்னே வீசினால் நம் வாடை யானையை ஏற்கெனவே எட்டியிருக்கும்.

மலையடியில் கும்பக்கரை அருவியில் வெயில் அடிக்கும்போதே மேலே வட்டக்கானல் பக்கம் மழை கொட்டி வெள்ளம் வருவது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். எந்த ஓடையிலும் தெளிந்த நீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால் அந்த நொடியே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பையை எடுக்கக் கூட நிற்கக் கூடாது.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல்மேட்டுப் பக்கமே போகக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலைத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தீ மேல்நோக்கித்தான் விரைந்து ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். மேலே ஓடித் தப்ப முடியாது. பக்கவாட்டில் விலகி, வெறும் பாறையையோ ஏற்கெனவே எரிந்து கறுத்த தரையையோ அடைய வேண்டும்.

அனுமதியின்றிக் காப்புக்காட்டில் நுழைவது குற்றம். 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றத் தடங்களை இணைய முன்பதிவோடும் உள்ளூர் வழிகாட்டிகளோடும் திறந்திருக்கிறது. புதியவர்கள் அங்கே தொடங்கட்டும். வனத்துறைக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு தடத்தின் தொடக்கத்திலும் தூரத்தோடு ஏற்றம் எத்தனை மீட்டர், கடைசித் தண்ணீர் எங்கே, எத்தனை மணிக்குத் திரும்பியாக வேண்டும் என்ற மூன்றையும் தமிழில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
மலையடிவார வாசகர்,
வத்தலகுண்டு.