கோட்டூர், கோட்டூர்புரம் வீட்டு ஓனர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓனர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு ஆய்வு மாணவி. ஊரில் தனியாக இருக்கும் அம்மாவை அழைத்து வந்து கூட வைத்துக்கொள்ள ஒரு பெட்ரூம் வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், ஐஐடி, தோல் ஆராய்ச்சி நிலையம் எல்லாம் பக்கம் பக்கமாக இருப்பதால் எங்களைப் போன்றவர்கள் சுற்றிச் சுற்றி உங்கள் தெருக்களுக்குத்தான் வருகிறோம். கிராக்கி உள்ள இடத்தில் வாடகை ஏறத்தான் செய்யும். அதில் எனக்குப் புகார் இல்லை.

அட்வான்ஸ்தான் பிரச்சினை.

கோட்டூரில் ஒரு வீடு பார்த்தேன். மொட்டை மாடியில் பின்னால் கட்டிய போர்ஷன். ஹாலுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், சமையல் மேடையில் இரட்டை அடுப்பை வைத்தால் தட்டு வைக்க இடமில்லை. சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு எட்டு ரூபாயாம். (வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று அரசு சொல்வது படி ஏறி மாடி வரைக்கும் வருவதில்லை.) சரி, வாடகை 16,000, சமாளிக்கலாம். ஆனால் அட்வான்ஸ் பத்து மாதம். 1,60,000 ரூபாய். முதல் மாத வாடகையையும் புரோக்கருக்கு ஒரு மாதத்தையும் சேர்த்தால் சாவி கைக்கு வருவதற்குள் 1,92,000. ஆய்வு மாணவர்களுக்குத் தரும் ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000. அதை ஐந்து மாதம் தொடாமல் வைத்திருந்தாலும் இந்தத் தொகை தேறாது. அதுவும் மாதாமாதம் ஒழுங்காக வந்தால்.

தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர, என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் உங்கள் பத்து மாதம் உள்ளே வருகிறது. வீடு கிடைக்காதா என்று அலைகிறவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுவார்.

உங்கள் பயம் புரியாமல் இல்லை. வாடகை தராமல், காலியும் செய்யாமல் உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? இரண்டு மாத பாக்கி வைத்தாலே வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கேட்கலாம் என்று அதே சட்டம் உங்களுக்கு வழி வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தை எழுதி வாடகை ஆணையத்தில் பதிவு செய்துவிட்டால் உங்கள் பக்கமும் பலமாகிவிடும். அதற்குப் பிறகும் பத்து மாதப் பணம் எதற்கு? காலி செய்யும்போது அதிலிருந்து பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையை வேறு பிடித்துக்கொள்கிறீர்கள், சுவரில் ஆணி அடித்தோமா இல்லையா என்றுகூடப் பார்க்காமல்.

“பேச்சிலர் கிடையாது”, “வெஜ் மட்டும்”, “பூர்விகம் எங்கே?” ஆகியவை பற்றி எழுதினால் மடல் நீண்டுவிடும். பூர்விகம் கேட்பது எதற்கு என்று கேட்கும் உங்களுக்கும் தெரியும், பதில் சொல்லும் எங்களுக்கும் தெரியும்.

மூன்று மாத அட்வான்ஸ் போதும் என்று நினைக்கும் ஓனர்கள் உங்களில் கட்டாயம் இருப்பீர்கள். டூ-லெட் போர்டில் அதையும் எழுதி மாட்டுங்கள். புரோக்கர் இல்லாமல் நாங்களே போன் செய்கிறோம்.

இப்படிக்கு,
வீடு தேடும் ஒரு ஆய்வு மாணவி