செயலாளர் அறிக்கை: ஹாங்காங் கோட்டாவும் நம் சந்தாவும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் வட்டத்தில் இந்த ஆண்டு பன்னிரண்டு கூட்டம் நடந்திருக்க வேண்டும், ஒன்பது நடந்தது. பொங்கல் சந்திப்பு நடந்தது. புத்தகம் வைக்க ஒரு பழைய பீரோ வாங்கினோம், பூட்டு இன்னும் சரியாகவில்லை.

அப்புறம், கோட்டா, அதாவது ஒரு நாட்டுக்கு இவ்வளவு துணிதான் அனுப்பலாம் என்ற வரம்பு, அதன் வரலாறு பற்றிய பேச்சுத் தொடர். அது என் யோசனைதான், மறுக்கவில்லை. "பனியன் ஊருல ஹாங்காங் கதை எதுக்குங்க?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டவர்களில் ஒருவர்கூட ஒரு பேச்சுக்கும் வராததால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நம்மில் பாதிப் பேர் 2004 முடியும் வரை கோட்டாவோடு மல்லுக்கட்டிப் பிழைத்தவர்கள். முந்தைய ஏற்றுமதிக் கணக்கு இருந்தவருக்குக் கோட்டா கிடைக்கும், இல்லாதவர் இருப்பவரிடம் காசு கொடுத்து வாங்கி சரக்கு அனுப்புவார். இது எங்கிருந்து முளைத்தது என்று தேடினால் ஒரு வேர் ஹாங்காங்கில் போய் நிற்கிறது. (ஜப்பான் 1957இலேயே அமெரிக்காவுக்குப் பருத்தித் துணி அனுப்புவதைக் கட்டுப்படுத்திக்கொள்ள ஒத்துக்கொண்டது, அது வேறு கதை.) சீனாவில் ஆட்சி மாறிய சமயத்தில் ஷாங்காய் நூற்பாலை முதலாளிகள் ஹாங்காங்குக்கு வந்துவிட்டார்கள், ஷாங்காய்க்கென்று வெளிநாட்டில் ஆர்டர் போட்டிருந்த மெஷின்களையும் அங்கேயே இறக்கிக்கொண்டார்கள். 1932 ஒட்டாவா ஒப்பந்தத்தால் பிரிட்டிஷ் பேரரசுக்குள் போகும் சரக்குக்கு வரிச் சலுகை. ஆக ஹாங்காங் துணி பிரிட்டனில் போய்க் குவிய, அங்கே பருத்தி மில்கள் நிறைந்த லங்காஷயரில் மில்கள் ஒவ்வொன்றாக மூடின.

இங்கேதான் வேடிக்கை. ஹாங்காங் அப்போது லண்டனின் காலனி, ஒரு உத்தரவு போட்டால் முடிந்தது என்று நினைப்போம். ஆனால் தன் காலனியின் தொழிலைத் தானே நெரித்தது என்ற பேர் லண்டனுக்கு வேண்டாம். அதனால் பேச்சை மில்காரர்களிடமே விட்டார்கள். லங்காஷயர் காட்டன் போர்டு சார்பில் கத்பர்ட் கிளெக் தலைமையில் ஒரு குழு ஹாங்காங், இந்தியா, பாகிஸ்தான் மூன்றோடும், பிரிட்டனுக்கு அனுப்பும் துணிக்கு வரம்பு வைக்கச் சொல்லிப் பேசியது. இந்தியாவும் பாகிஸ்தானும் "ஹாங்காங் ஒத்துக்கொண்டால் நாங்களும்" என்றன, ஹாங்காங்கோ "அவர்கள் ஒத்துக்கொள்ளட்டும்" என்றது. கடைசியில் ஹாங்காங்தான் இறங்கி வந்தது. 1959 பிப்ரவரி 1 முதல் மூன்று ஆண்டுக்கு, ஆண்டுக்கு 16.4 கோடி சதுர கஜம் பருத்தித் துணிக்கு மேல் அனுப்புவதில்லை என்று. பேப்பரில் இதற்குப் பெயர் 'தாங்களாகவே விரும்பிக் கொடுத்த உறுதி'. சிரிக்காமல் எப்படி எழுதினார்களோ தெரியவில்லை.

ஆனால் இதில் ஹாங்காங்காரர்கள் பேரம் பேசக் கற்றுக்கொண்டார்கள். 1961இல் ஜெனீவாவில் பருத்தித் துணிக்கு உலக அளவிலேயே கட்டுப்பாடு வந்தபின் அவர்களுடைய அதிகாரிகளே நாடு நாடாக உட்கார்ந்து கோட்டா பேசினார்கள், 1986இல் உலக வர்த்தக விதிகளுக்கான காட் (GATT) அமைப்பில் தனி உறுப்பினராகவே ஆனார்கள். வெளியுறவு லண்டன் கையில் இருந்த காலத்திலேயே இவ்வளவும்! இதைச் சொன்ன மூன்றாம் பேச்சுக்கு ஆறு பேர் வந்தார்கள், டீ கொண்டுவந்த பையனையும் சேர்த்து. அன்று மழை என்றார்கள். நான் பல்லடம் ரோட்டில் நனைந்துகொண்டுதான் வந்தேன்.

சந்தா பற்றி. நம் வட்டத்தில் சந்தாவும் 'தாங்களாகவே விரும்பிக் கொடுப்பது'தான். "அவர் கட்டட்டும், நான் கட்டறேன்" என்று ஒருவரும், "அவர் கட்டலைங்களே" என்று அந்த இன்னொருவரும் சொல்லியே மூன்று காலாண்டு ஓடிவிட்டது. யார் எவர் என்று எழுதப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும். மேடைப் பேச்சில் முன்வரிசை கேட்பவர்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சமம். இடைவெளியை நானும் பொருளாளரும் கைக்காசு போட்டு நிரப்பினோம், விவரம் கேட்டால் நோட்டைக் காட்டுவார்.

செக்கிங் ஹால் மாடியை வாடகையில்லாமல் தந்த அண்ணனுக்கும், டீ, போண்டா செலவை ஏற்றவர்களுக்கும், நாற்காலி அடுக்கியவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பருத்தியோடு மற்ற இழைத் துணிகளுக்கும் கோட்டா கொண்டுவந்த 1974 பல்லிழை ஒப்பந்தத்திலிருந்து 2005 ஜனவரி 1இல் கோட்டா ஒழிந்தது வரை பேசலாம் என்று நினைக்கிறேன், பழைய கோட்டா பேப்பர் வைத்திருப்பவர்கள் எடுத்து வந்தால் நல்லது. புரொஜெக்டர் வாடகைக்கு வழி தெரியவில்லை. இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்க விரும்பினால் இன்றே நோட்டைக் கொடுத்துவிடுகிறேன், வற்புறுத்தல் ஏதும் இல்லை. ஜனவரிக் கூட்டம் அதே மாடியில், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. சந்தா ரசீது புத்தகம் படிக்கட்டுப் பக்கத்து மேஜையிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்