அந்தப் பெட்டியை ஆர்டர் போடாதே

அன்புள்ள பெரியவனுக்கு,

நம் வீட்டு போட்டோ, வீடியோவெல்லாம் சேர்த்து வைக்கும் சர்வருக்குப் பதிலாக நீ காட்டினாயே, அந்தப் புதுப் பெட்டியை ஆர்டர் போடாதே. நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னால் பாதியில் பாப்பா அழும், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்றுவிட்டு ராத்திரியே பணத்தைக் கட்டிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவும் நானும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

நீ காலேஜ் சேர்ந்த வருஷம், 2009-ல், நாம் இரண்டு பேரும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கி அசெம்பிள் பண்ணிய கோர் 2 டுவோ கம்ப்யூட்டர். அதை "சர்வர்" என்று பேர் வைத்து ஹால் மூலையில் விட்டுவிட்டு நீ ஹாம்பர்க் போனாய். தீபாவளி கழிந்ததிலிருந்து அது படுத்த ஆரம்பித்தது. முதலில் போர்டில் இருக்கும் செல் தீர்ந்துபோனது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி 2009-க்கு ஓடிவிடும். தேதி தப்பாக இருந்தால் எந்த சைட்டின் சான்றிதழும் செல்லாது என்று அது பாட்டுக்கு முரண்டு பிடிக்கும். 2032 செல்தானே, தெருமுனைக் கடையில் வாங்கி மாற்றினேன். அடுத்து ராத்திரியில் தானாக ரீஸ்டார்ட் ஆனது. மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், ப்ராசஸரை ஒட்டி நிற்கும் கெப்பாசிட்டர்களில் மூன்று தலை உப்பி, அதில் ஒன்று பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. பாலிடெக்னிக் லேபில் முப்பது வருஷம் பையன்கள் பொசுக்கிய போர்டுகளோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

மூன்றையும் மாற்றியிருப்பேன், கைக்கு அது பெரிய வேலை இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ப்ளக்கில் வாட் மீட்டரைச் செருகிப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 68 வாட். இரண்டு மாசத்துக்கு 1,440 மணி நேரம், பெருக்கினால் 98 யூனிட். அரசாங்கம் நமக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டையும் உன் பெட்டி ஒன்றே தின்றுகொண்டிருந்திருக்கிறது! வெயில் காலத்தில் ஏசி போட்டால் 500-ஐத் தாண்டுகிறோமே, தாண்டினால் கணக்கே வேறாகிவிடுகிறதே என்று அப்பா என்னைக் கேட்காத பில் இல்லை. நான் ஃப்ரிட்ஜைச் சந்தேகப்பட்டேன். பாவம் ஃப்ரிட்ஜ்.

ராஸ்ப்பெர்ரி பை, அந்த உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டை வாங்கு என்று நீ முதலில் சொன்னாய். போர்டு, அடாப்டர், டப்பா, எஸ்எஸ்டி டிஸ்க் மாட்ட ஒரு துணைப்பலகை என்று கூட்டிக்கொண்டே போனால், ஆபீஸிலிருந்து கழித்துவிட்ட ஒரு குட்டி கம்ப்யூட்டரின் விலை வந்துவிடுகிறது. அந்தக் குட்டிகள் இப்போது ஏன் மலிவு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் ப்ராசஸர் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறார்கள். ஆறும் ஏழும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆபீஸ்கள் மூட்டை கட்டி வெளியே தள்ளுகின்றன. நமக்கு விண்டோஸ் எதற்கு? இலவச லினக்ஸ், டெபியன், அதில் அலுங்காமல் ஓடும்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அம்பத்தூரில் ரயில் ஏறி சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டாப், அரசினர் தோட்டம். இறங்கி நடந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரேடியோ சாமானுக்கும் ஐ.சி.க்கும் அலைந்த தெருதான். இப்போது போன் உறையும் சிசிடிவியுமாக நிரம்பி வழிகிறது. ஆனால் மாடிப்படி ஏறினால் பழைய கம்ப்யூட்டர்கள் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு கடையில் இரண்டு ஜியான் ப்ராசஸர் போட்ட ரேக் சர்வரைக் காட்டி, "மேடம், இந்த விலைக்கு இவ்வளவு ராம் எங்கேயும் கிடைக்காது" என்றான். ஆன் பண்ணிக் காட்டச் சொன்னேன். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் தோற்றது. அதை ஹாலில் வைத்தால் அப்பா மொட்டை மாடியில்தான் படுக்க வேண்டும்.

அடுத்த கடையில் லெனோவோ குட்டி ஒன்று, பார்க்கப் பளபளவென்று இருந்தது. விலையும் எல்லோரையும் விடக் குறைவு. கீபோர்ட் கேட்டு எஃப்1 அழுத்தினேன். பயாஸுக்குள், அதாவது மெஷினின் அடிப்படை செட்டிங்குக்குள், போக பாஸ்வேர்ட் கேட்டது. "அது எதுக்கும்மா உங்களுக்கு? பாட்டு, படம் எல்லாம் ஓடும்" என்றார் கடைக்காரர். எந்த ஆபீஸிலோ, எவனோ போட்ட பூட்டு, சாவி அவனிடம். கரண்ட் வந்ததும் தானாக எழுந்திருக்கச் சொல்லும் செட்டிங்கே உள்ளேதான் இருக்கிறது. அது இல்லாமல் நம் ஊரில் சர்வர் வைத்து என்ன பண்ணுவது? வேண்டாம் என்று வந்துவிட்டேன். நீயும் அங்கே பழைய ஆபீஸ் மெஷின் எதையாவது வாங்கப் போனால் முதலில் இதைப் பார்.

மூன்றாவது கடையில் ஒரு சின்னப் பையன், பொறுமைசாலி. திங்க்சென்டர் எம்710க்யூ, ஐ5-7500டி, 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. என்விஎம்இ டிஸ்க். நம் வீட்டுப் பஞ்சாங்கத்தை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். நாலு கோர், 35 வாட் ப்ராசஸர். பயாஸ் திறந்தது. என் பென்டிரைவைச் செருகி, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓட விட்டுவிட்டு, எதிரே டீ குடித்துவிட்டு வந்தேன். ஒரு சுற்று முடிந்திருந்தது, பிழை இல்லை. யூ.எஸ்.பி. ஒவ்வொன்றிலும் பென்டிரைவைச் செருகி எடுத்தேன். பையன் சிரித்தான், சிரிக்கட்டும். 11,000 சொன்னான், 9,200-க்கு முடித்தேன். அடாப்டர் மட்டும் கம்பெனி அடாப்டராகத்தான் வேண்டும் என்று நின்று வாங்கினேன். இருபத்துநாலு மணி நேரமும் செருகிக் கிடக்கப்போகிற சாமான், அதில் டூப்ளிகேட்டெல்லாம் ஆகாது.

ராம் இன்னொரு 8 ஜி.பி. போடலாம் என்றால் விலையைக் கேட்காதே. தங்கத்துக்குப் போட்டியாக ஏறிக் கிடக்கிறது. ஏ.ஐ. கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போவதால் பழைய டிடிஆர்4-க்குக் கூட இந்தக் கிராக்கி. இந்தக் குட்டிகளுக்கு லேப்டாப் ராம்தானே? உன் சித்தப்பா வீட்டில் ஸ்க்ரீன் உடைந்த லேப்டாப் ஒன்று பரணில் கிடந்தது ஞாபகம் வந்தது. சித்தி ஒரு டப்பா அதிரசத்தோடு சேர்த்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து டைனிங் டேபிளில் பழைய பெட்ஷீட்டை விரித்து வைத்துக்கொண்டேன். பின்னால் ஒரே ஒரு ஸ்க்ரூ, மூடி அப்படியே நகர்ந்து வருகிறது. உள்ளே ஃபேனின் இதழ்களுக்கு நடுவே தலையணைப் பஞ்சு மாதிரி ஆபீஸ் தூசி. பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்தேன். ஹீட்சிங்க்கைத் தூக்கினால், சூட்டைக் கடத்தும் பேஸ்ட் பூஜை அறையில் மறந்துபோன சந்தனக்கிண்ணம் மாதிரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைக்கத் துடைக்க, ப்ராசஸரின் மேல் பொறித்த எழுத்து ஒவ்வொன்றாக மேலே வந்தது. புதுப் பேஸ்ட் ஒரு துவரம்பருப்பு அளவு வைத்து, ஸ்க்ரூக்களைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். ஒரே மூலையை இறுக்கினால் சாய்ந்துவிடும், பையன்கள் எல்லோரும் செய்யும் தப்பு அது.

சித்தி கொடுத்த ராமைப் போட்டு ஸ்விட்ச் தட்டினால் திரையில் ஒன்றும் வரவில்லை. அப்பா பேப்பரை இறக்கி, "பழைய இரும்புக்கு ஒன்பதாயிரம்" என்றார். பதில் சொல்லாமல் ராமை உருவி, அதன் தங்க விளிம்பை உன் பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த ரப்பரால் இரண்டு பக்கமும் தேய்த்தேன். சாய்த்துச் செருகி அமுக்கினேன். முதல் தடவை ஒரு பக்கக் கொக்கி விழவே இல்லை போலிருக்கிறது. இந்தத் தடவை இரண்டும் "டக்" என்றது. 16 ஜி.பி. காட்டியது. அப்பா பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டார்.

இப்போது டிஸ்க். இங்கேதான் நீ நான் சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டும். ப்ராசஸர், ராம், பெட்டி எல்லாம் யார் உழைத்துக் களைத்ததாக இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. போனால் இன்னொன்று வாங்கலாம். கூட வந்த என்விஎம்இ-யில் டெபியனைப் போட்டேன், அது நாளைக்குச் செத்தாலும் மறுநாள் சாயந்திரத்துக்குள் திரும்பப் போட்டுவிடுவேன். ஆனால் போட்டோ இருக்கும் டிஸ்கை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்க மனசு வரவில்லை. புதுசாக 2 டி.பி. வெளி டிஸ்க் வாங்கினேன்.

பழைய டிஸ்கைக் கழற்றி யூ.எஸ்.பி. டாக்கில் வைத்து, டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தேன். நீ அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போன கட்டளைச் சீட்டில் நாலாவது வரி. ஓடிய நேரம் 61,000 மணி, அதாவது ஏழு வருஷம் இடைவிடாமல். அது பரவாயில்லை. 197-ஆம் எண், படிக்க முடியாமல் காத்துக் கிடக்கும் செக்டர், 16. அதுதான் வயிற்றைக் கலக்கியது. 780 ஜி.பி.யையும் ராத்திரி ஒன்பது மணிக்கு நகலெடுக்க விட்டேன். இரண்டு இரண்டரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டும். கெட்ட இடம் வரும்போதெல்லாம் நின்று, "கிர்க், கிர்க்" என்று பல்லைக் கடித்து, மறுபடி நகர்ந்து, முடியும்போது பால்காரர் வந்துவிட்டார்.

பதினோரு ஃபைல் வரவில்லை. ஒன்பது எங்கெங்கோ கிடைத்துவிட்டது, உன் பழைய பென்டிரைவில், அப்பா போனில். ஒன்று யாருக்கும் வேண்டாத கரண்ட் பில். இன்னொன்று, பாட்டி மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டுவிட்டுக் காக்காய் விரட்டுகிற படம். நீ உன் முதல் கேமராவில் எடுத்தது. அத்தை வாட்ஸ்அப்பில் அதன் குட்டி உருவம் இருந்தது. பாட்டி தெரிகிறாள். கையில் இருந்த கறுப்புத் துணி தெரியவில்லை.

டிவி சமாச்சாரமும் சொல்லிவிடுகிறேன். பாப்பா நடந்த வீடியோ நீ அனுப்பியது புது வகை, ஹெச்இவிசி. நம் டிவிக்கு அது புரியாது, சர்வர்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். பழைய பெட்டி அதை மாற்றுவதற்குள் பாப்பா ஒரு காலைத் தூக்கியது தூக்கியபடி நிற்பாள். ஏழாம் தலைமுறை இன்டெல்லில் அதற்கென்றே தனி வன்பொருள் இருப்பதால், டிவிக்கு வீடியோ அனுப்பும் ஜெல்லிஃபின் அலட்டிக்கொள்ளவே இல்லை. அப்பா அன்றைக்கு ஆறு தடவை போடச் சொன்னார். பழைய இரும்பைப் பற்றிப் பேச்சில்லை. மீட்டரில் டிஸ்கோடு சேர்த்து 12 வாட், இரண்டு மாசத்துக்கு 17 யூனிட். இன்வெர்ட்டரையும் யூ.பி.எஸ். மோடுக்கு மாற்றிவிட்டேன்.

சரி, உன்னிடம் கேட்க வேண்டியது. இப்போதும் எல்லாம் ஒரே டிஸ்கில், ஒரே மேஜையில்தான் இருக்கிறது. போனும் சர்வரும் தானாக ஒத்துப்போகிறதே, அது போதாதா என்பாய். போன மாசம் அப்பா போனில் "இடம் இல்லை" என்று ஒரு ஃபோல்டரை அழித்தார், இங்கேயும் அழிந்தது. அது பேக்கப் இல்லை. எனக்கு இன்னொரு பிரதி வேண்டும், அது இந்த வீட்டில் இருக்கக் கூடாது.

மருமகளின் பழைய லேப்டாப், கீல் உடைந்தது, அதைத் தூக்கிப் போடாதே. அதில் டெபியன் போட்டு, இரண்டு வீட்டு மெஷினையும் தனி வழியில் இணைக்கும் டெயில்ஸ்கேலில் சேர்த்து, உன் ரவுட்டர் பக்கத்தில் வை. பாட்டரி உள்ளேயே இருக்கிறது, தனியாக யூ.பி.எஸ். வேண்டாம். டிஸ்க் நீ வாங்க வேண்டாம், இதே போல இன்னொன்று நான் வாங்கிவிட்டேன். நம் வீட்டு இணைப்பில் 780 ஜி.பி. ஏற்ற நாள் கணக்கில் ஆகும். அதனால் முதல் பிரதியை ரெஸ்டிக் என்ற பேக்கப் ப்ரோகிராமில் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி இங்கேயே எடுத்து, எதிர்வீட்டு அக்கா மகனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பிப்ரவரி கடைசியில் அங்கே கிளம்புகிறான். அதற்குப் பிறகு அன்றன்றைக்குச் சேருவது மட்டும் இங்கே விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பும், உனக்கு இப்போதைக்கு நடுராத்திரி பன்னிரண்டரை, தூக்கம் கெடாது. பாஸ்வேர்டைக் கடிதத்தில் எழுத மாட்டேன். பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு ஒரு கவரில் இருக்கிறது, உனக்கு போனில் சொல்கிறேன்.

குட்டிப் பெட்டி, இரண்டு டிஸ்க், டாக் எல்லாம் சேர்த்தும் நீ காட்டிய பெட்டியின் விலை வரவில்லை, அதிலும் அது டிஸ்க் இல்லாத விலை. டிஸ்கைத் துண்டில் சுற்றி எதிர்வீட்டுப் பையனின் கைப்பையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பருப்புப் பொடியும் மோர்மிளகாயும் பெரிய பெட்டியில் தனியாக வருகிறது. லேப்டாப்பை அதற்குள் தயார் பண்ணி வை.

அன்புடன்,
அம்மா

பி.கு.: பழைய கேபினட்டைக் காயலான்காரரிடம் போட அப்பா விடமாட்டேன் என்கிறார். நீ அதன் பக்கத்தில் காம்பஸ் முனையால் கீறி வைத்த பேர் அப்படியே இருக்கிறதாம்.