சனசமூக நிலைய ஆண்டறிக்கை: கொண்டக்டர் அண்ணன் கூட்டி வந்தவர்கள்

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், இடமில்லாமல் வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நிர்வாக சபை மாதம் தவறாமல் கூடியது. மார்கழியில் மட்டும் மழை காரணமாக ஒரு கிழமை தள்ளிப்போனது. வாசிகசாலையின் கூரைத் தகரம் மாற்றியாயிற்று, பத்திரிகைகள் இனி நனையாது. சந்தா நிலுவை உள்ளவர்கள் இன்றைக்கே கட்டிவிட்டால் புதிய சபைக்கு உதவியாக இருக்கும். வழமையான அலுவல்கள் இவ்வளவுதான். மிச்ச நேரத்தை ஒருவருக்காக எடுத்துக்கொள்கிறேன்.

நம் பொருளாளர் இன்றோடு பதவியை விடுகிறார். முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை. "அறிக்கையில பேர் ஒண்டும் போடாதீங்க தங்கச்சி" என்று கேட்டிருக்கிறார். சரி, போடவில்லை. ஊரே அவரைக் கொண்டக்டர் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறது.

இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸில், திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா பக்கம் அவர் வேலை செய்த காலத்தில் பாலம் கிடையாது. 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் பாதையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். (இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பாதை என்பது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவை.) பாதை அந்தக் கரையில் நின்றால் இந்தக் கரையில் எல்லோரும் காத்திருக்க வேண்டும். மீன் கூடைக்காரர், ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய், தம்பலகாமத்து நெல் வியாபாரி என்று ஒவ்வொருவரிடமும் அவர் நின்று கதைத்தது அங்கேதான். யாருக்கு என்ன கைவரும், யாருக்கு என்ன குறை என்பதெல்லாம் அப்போது மனதில் ஏறியவை.

2004 மார்கழி 26இல் கடல் வந்தபிறகு, பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த சனத்திடம் போய், யார் எங்கே இருக்கிறார்கள் என்று பஸ்ஸில் டிக்கெட் கணக்கு எழுதும் வேபில் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு இடத்துக்கிடம் திரிந்திருக்கிறார். "உங்கட தாய் உயிரோட இருக்கிறா, மற்றப் பள்ளிக்கூடத்தில" என்று ஒரு பெண்ணிடம் சொன்னதை மட்டும்தான் என்னிடம் சொன்னார். அதற்குமேல் கேட்க எனக்கும் மனம் வரவில்லை.

இந்த வருடம் நடந்ததற்கு வருகிறேன். சாம்பல்தீவில் இருந்து ஒரு அம்மா பனையோலைப் பெட்டி இழைத்து வருகிறார். வாங்க ஆளில்லை. நிலாவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர், அறைகளில் வைக்க பிளாஸ்ரிக் அல்லாத கூடை தேடிக்கொண்டிருந்தார். இருவரையும் அண்ணனுக்குத் தெரியும். நாமாக இருந்தால் போன் நம்பரைக் கொடுத்து விட்டிருப்போம். அவர் அப்படிச் செய்வதேயில்லை. "நாளைக்கு நாலு மணிக்கு வாறன், ரெடியா இருங்க" என்பார். அன்றைக்கு நானும் கூடப் போனேன்.

போகும்போது, பாதி இழைத்த பெட்டியையும் ஈரத்துணியில் சுற்றிய ஓலையையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. விடுதித் திண்ணையில் அந்த அம்மாவுக்கு வாய் திறக்கவே கூச்சம். அண்ணன், "நீங்கள் பாட்டுக்கு இழையுங்க அம்மா" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு கடற்பக்கம் போய்விட்டார். விரல்கள் ஓலைக்குள் போனதும் அந்த அம்மாவின் முகம் மாறியது. சாயம் போட்ட சிவப்பு ஓலையை உள்ளே விட்டு, மூலையில் மடித்து, நகத்தால் அழுத்தினார். விடுதிக்காரர் கதிரையை விட்டு எழுந்து வந்து குனிந்து, "இந்த மூலையை எப்படித் திருப்புறீங்க?" என்று கேட்டார். அதன்பிறகு அவர்களுக்கு நாங்கள் தேவைப்படவில்லை. சித்திரையில் கடல் அடங்கி வெளிநாட்டார் வரத் தொடங்கியபோது கூடைகள் அறைக்கு அறை இருந்தன. இப்போது அந்த அம்மாவோடு இன்னும் இரண்டு பேர் இழைக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை சிங்கள வகுப்பும் இப்படி வந்ததுதான். ஓய்வுபெற்ற சிங்களத் தாதி ஒருவருக்கு, பஸ் பலகையில் இருக்கும் தமிழ் ஊர்ப் பெயர்களைத் தானே வாசிக்க ஆசை. நம் பிள்ளைகளுக்கோ சிங்களம் வரவில்லை. அண்ணன் இரண்டு பக்கத்தையும் ஒரே மேசையில் இருத்தினார். முதல் அரை மணி நேரம் தாதி படிப்பிக்கிறார், அடுத்த அரை மணி பிள்ளைகள் படிப்பிக்கிறார்கள். மூதூர் என்று எழுதி, முதல் எழுத்தின் சுழியைச் சரியாகப் போட்டுவிட்டு அவர் கை தட்டியதை, அன்று வகுப்பில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

எல்லாம் கைகூடியது என்று சொல்லமாட்டேன். புத்தக அலுமாரி செய்ய அவர் கூட்டிவந்த தச்சருக்கும் நம் உறுப்பினர் ஒருவருக்கும் கூலி விடயத்தில் பேச்சு முற்றிவிட்டது. அன்று இரவே அந்த முழங்காலோடு இரண்டு வீட்டுக்கும் நடந்து போனார். "நான்தான் ஒழுங்காக் கதைச்சு விடேல்ல" என்று இரண்டு இடத்திலும் சொல்லியிருக்கிறார். அது முழுக்க உண்மையில்லை. அலுமாரி வந்துவிட்டது, இரண்டு பேரும் இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

எனக்கும் அப்படித்தான். இந்த ஊருக்குக் கல்யாணம் முடித்து வந்த புதிதில், சந்தையில் என்னைப் பார்த்துவிட்டு, "வாசிக்கிற பிள்ளை போல இருக்கு" என்று இந்த வாசலுக்குக் கூட்டிவந்தவர் அவர்.

புதிய பொருளாளருக்கு ஒரு வேண்டுகோள். கணக்குப் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கிழமைக்கு ஒரு பின்னேரம் அண்ணனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அவர் சொல்கிற வீடுகளுக்குப் போங்கள். ஓட்டோக் கூலியை நிலையம் கொடுக்க வேண்டும் என்ற பிரேரணையை இந்தச் சபை முன் வைக்கிறேன்.

இனி, கடைசி முறையாக, கணக்கறிக்கையை அவரே வாசிப்பார். அவர் எழும்ப வேண்டாம், மைக்கை அவர் இருக்கும் இடத்துக்குக் கொண்டு போங்கள்.

செயலாளர்