கயலுக்கு, புது மாணவன் வரும் முன்

அன்புள்ள கயல்,

உன் லேபில் சேரப்போகும் கறுப்பின மாணவனிடம் இனத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டிருந்தாய். பேசலாம், பேசவும் வேண்டும். முதல் நாளே வேண்டாம்.

"நான் நிறமெல்லாம் பார்ப்பதில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதே. "அந்தப் பேச்சோடு என்னிடம் வராதே" என்றுதான் அவன் காதில் விழும். நம்மூரில் "நாங்க சாதி பார்க்கறதில்ல" என்பவர்கள், அடுத்த வாய்க்கே "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்பதில்லையா!

நாமும் வெள்ளையர் இல்லையே என்ற தெம்பும் உதவாது. 2015-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 6,500-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பேராசிரியர்களுக்கு, ஆராய்ச்சி மாணவராகச் சேர விரும்புபவர் எழுதுவது போன்ற ஒரே மின்னஞ்சலைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். வெள்ளை ஆண் பெயர்களுக்கு வந்த அளவு பதில் மற்றவற்றுக்கு வரவில்லை. இந்தியப் பெயர்களுக்கும் அதே கதிதான். இது உனக்குப் புரியும். ஆனால் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்.ஐ.எச்.-இன் நிதி பற்றிய 2011 ஆய்வையும் பார். படிப்பு, பேப்பர், வேலையிடம் எல்லாவற்றையும் சமன்செய்த பிறகும், கறுப்பின விண்ணப்பதாரருக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளி குறைவு. உன் அனுபவத்தை வைத்து அவனுடையதை அளக்காதே.

மூன்றாவது சந்திப்பு வாக்கில், வேலைப் பேச்சு முடிந்ததும் சொல்: "இங்கே யாராவது உன் இனத்தை வைத்து நடத்துவது வேலையைப் பாதித்தால் என்னிடம் சொல்லலாம். சொல்லாமல் இருந்தாலும் சரிதான்." அதோடு விட்டுவிடு, பதிலை எதிர்பார்க்காதே. அவன் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுவது நீ. உடனே மனம் திறப்பானா?

பெரும்பாலான கைடுகள் சறுக்குவது மாணவனின் பேப்பர் ட்ராஃப்ட் திருத்தும்போது. இனவெறி என்று பெயர் வந்துவிடுமோ என்று பயந்து "நல்லா இருக்கு" என்று திருப்பித் தருவார்கள். பிறகு ஜர்னல் ரெவ்யூவர் கிழித்து அனுப்புவார். இல்லையென்றால் பக்கம் முழுக்கச் சிவப்பு மை. அது தன் எழுத்துக்கா, தனக்கா என்று அவனுக்குத் தெரியாது. ஆகவே மேலே இரண்டு வரி எழுது: நல்ல ஜர்னலுக்கான அளவுகோலில்தான் படித்தேன், உன் முந்தைய வேலையைப் பார்த்ததால், நீ அதை எட்டுவாய் என்று தெரிகிறது. பிறகு தயவுதாட்சண்யம் வேண்டாம். "படம் 2-ல் எரர் பார் எதைக் காட்டுகிறது? மாதிரி 3 என்கிறாய், அது மூன்று எலிகளா, ஒரே எலியில் மூன்று அளவீடா?" பாராட்டு மட்டும் எழுதி இந்தக் கேள்வியை விட்டால் அவனுக்குத்தான் நஷ்டம்.

இங்கே கறுப்பினத்தவரும் இருக்கிறார்கள் என்று காட்ட, டிபார்ட்மென்ட் அவனை எல்லாக் கமிட்டிக்கும், விளம்பரப் பிரசுரப் படத்துக்கும் இழுக்கும். அவனைக் கேட்காமல் நீ தலையாட்டாதே.

வாரச் சந்திப்பு, பேப்பரில் ஆதர் பெயர் வரிசை, ட்ராஃப்டை எத்தனை நாளில் திருப்பித் தருவாய் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி லேபில் எல்லாருக்கும் கொடு, அவனுக்கு மட்டும் இல்லை. எழுதியதும் எனக்கும் ஒரு காப்பி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா